காட்சியும் நற்காட்சியும்

பழைய கதைகளில் பிற சமயத்தார் ஆலயத்திற்குள் நுழைபவர் பெரும்பாலும் இரு வகையினராகவே இருப்பர். ஒருவர் மனம் மாறி வழிபட வருபவர். மற்றவர் வாதிட வருபவர். நம் காலத்திலோ மூன்றாம் வகையினர் பெருகியுள்ளனர். அவர்கள் வழிபடவும் வரவில்லை, வாதிடவும் வரவில்லை. பார்த்துவிட்டுப் போக வருகின்றனர். சுற்றுலாப் பயணிகள் என்று அவர்களை அழைக்கிறோம். விடுமுறை நாட்களில் நாமும் அவர்களுள் ஒருவராகி விடுகிறோம்.

அவ்வாறு பார்க்கச் செல்லும் ஜைன இல்லறத்தார், பிறர் ஆலயத்தினுள் எங்ஙனம் இருத்தல் வேண்டும்? கைகூப்பலாமா, கூடாதா? அங்குக் காண்பவற்றை எந்த மனத்துடன் காண வேண்டும்? மிகச் சிறிய வினாக்களாக இவை தோன்றலாம். தில்லியில் என் பேத்தி கேட்கும் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காலையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் குடும்பத்துடன் தில்லி சென்றிருந்தோம். முதல் நாள் காலையில் செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் வீதியின் முகப்பில் உள்ள திகம்பர ஜைன லால் மந்திருக்குச் சென்றோம். காயமுற்ற பறவைகளுக்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனை ஒன்று அவ்வாலய வளாகத்திலேயே நடந்துவருவதை வாசகர்கள் அறிவர். அபிஷேகம் கண்டோம். கந்தோதகத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு ஓரமாக அமர்ந்தோம்.

அப்பொழுது சுற்றுலாப் பயணிகள் சிலர் உள்ளே வந்தனர். அவர்களுள் இளைஞர் ஒருவர் ஆடையற்ற பகவானின் திருவுருவை நோக்கினார். தம் நண்பரின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். அவர்கள் நம்மை ஏசவில்லை, எதையும் தொடவில்லை, இரண்டு நிமிடங்களில் வெளியேறியும் விட்டனர். ஆயினும் அச்சிரிப்பு என் உள்ளத்தில் முள்ளாகத் தைத்தது. அனைத்தையும் துறந்த நிலையின் அடையாளமாக நாம் போற்றும் திருமேனியில் அவர் கண்டது ஆடையின்மை ஒன்றையே.

இவ்வாறு தவறாகக் காணப்படுவது நமக்குப் புதிதன்று. தமிழகத்துக் குன்றுகளில் நம் முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த கற்படுக்கைகள் பல ஊர்களில் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றே வழங்குகின்றன. வேடிக்கை பார்க்க வருவோர் எது பீமன் படுக்கை, எது தருமன் படுக்கை என்று ஆராய்ந்துவிட்டு இறங்குகின்றனர். கண் திறந்திருந்தும் காட்சி கிட்டாத நிலை இது. இதனை எண்ணி வருந்தியவனாகவே அன்று பிற்பகல் நான் மற்றோர் ஆலயத்தின் வாயிலில் சென்று நின்றேன்.

பிற்பகலில் கண்டது

யமுனைக் கரையில் அமைந்துள்ள சுவாமிநாராயண அக்ஷர்தாம், தில்லிக்குச் செல்வோர் எவரும் தவறாமல் பார்க்கும் ஆலயம். வடநாட்டில் பிறந்து கூர்ச்சர நாட்டில் அறம் பரப்பிய சுவாமிநாராயணர் (1781-1830) பெயரால் வழங்கும் மரபினர் எழுப்பியது. 2005 நவம்பர் 6 அன்று திறக்கப்பட்டது. அதனைத் திறந்துவைத்தவர் இராமேசுவரத்தில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த நம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். சீக்கியரான பிரதமர் மன்மோகன் சிங்கும் அவ்விழாவில் கலந்துகொண்டார். அவர்கள் இருவரும் தத்தம் சமயத்தை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

ஆலயம் 141 அடி உயரமும் 316 அடி அகலமும் 356 அடி நீளமும் உடையது. இராசத்தானத்து இளஞ்சிவப்புக் கல்லாலும் இத்தாலிய நாட்டு வெண்பளிங்காலும் இழைத்துள்ளனர். 234 தூண்கள், ஒன்பது விமானங்கள். ஆலயத்தைத் தாங்குவது போல அடிப்பீடத்தைச் சுற்றிலும் 148 கல் யானைகள். நடுவே 11 அடி உயரப் பொன்வண்ணத் திருவுருவாகச் சுவாமிநாராயணர் வீற்றிருக்கிறார். விதானத்தில் பூத்து விரிந்த பளிங்கு வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தபோது அபு மலையின் தில்வாரா ஜினாலயங்களும் இராணக்பூரும் நினைவிற்கு வந்தன. அதில் வியப்பில்லை. கூர்ச்சரத்திலும் இராசத்தானத்திலும் நம் ஆலயங்களையும் வைதிக ஆலயங்களையும் வழிவழியாகக் கட்டிவரும் சோம்புரா சிற்பிகளின் கலைமரபு ஒன்றுதான். உளி சமயம் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் வியந்த என் மனம் குறை காண்பதையும் உடன் தொடங்கிவிட்டது. முதலில் வாயிற் சோதனை. கைப்பேசி, புகைப்படக் கருவி, பை எதனையும் உள்ளே விடவில்லை. நீண்ட வரிசையில் நின்றோம். 'கோயிலுக்கு வந்தோமா, விமான நிலையத்திற்கு வந்தோமா?' என்று முணுமுணுத்தேன். பின்னர் என் மகன் நினைவூட்டினான்: 2002 செப்டம்பர் 24 அன்று இதே மரபினரின் காந்திநகர் அக்ஷர்தாமில் துப்பாக்கி ஏந்தியோர் புகுந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அன்று அம்மரபின் தலைவராக இருந்த பிரமுக் சுவாமி மகராஜ், பழிக்குப் பழி என்று எவரும் எழ வேண்டாம், அமைதி காக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அகிம்சையைப் பிறப்புரிமை போலப் பேசும் நாம், அதனைக் குருதி சிந்திய வேளையில் கடைப்பிடித்த ஒரு மரபின் வாயிலில் கால் வலிக்கிறது என்று குறைப்பட்டு நின்றோம்.

அதன் பின்னும் மனம் அடங்கவில்லை. ஆலயத்தைச் சூழ்ந்துள்ள நீர்நிலையில் 151 புண்ணிய நீர்நிலைகளின் நீரைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். 'புனித நீர் என்று கொண்டாடுவது உலக மூடம் அல்லவா?' என்றது உள்ளே ஒரு குரல். காலையில் என் தலையில் தெளித்துக்கொண்ட கந்தோதகம் உலர்ந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. அதன் கருத்து வேறு, இதன் கருத்து வேறு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நம் வழக்கங்களுக்கு நாம் விளக்கம் சொல்வோம். பிறர் வழக்கங்களுக்குப் பெயர் சூட்டுவோம்.

கட்டணம் பெற்றுக் காட்டும் கண்காட்சிகளும் அங்கே உள்ளன. இயந்திர மனிதர்கள் அசைந்து பேசும் அரங்கு ஒன்று. பாரதப் பண்பாட்டைப் படகில் அமர்த்திச் சில நிமிடங்களில் காட்டும் பயணம் ஒன்று. பெருந்திரையில் திரைப்படம் ஒன்று. 'இது ஆலயமா, பொருட்காட்சியா?' என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். அருகில் செபமாலையுடன் நின்ற மூதாட்டி ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால், மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் மாலையை உருட்டியபடி நகர்ந்தார்.

அப்பொழுதுதான் காலையில் கண்ட இளைஞரின் நினைவு எனக்கு வந்தது. அவராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பேத்தியின் வினா

அங்கே அபிஷேக மண்டபம் ஒன்று உண்டு. சுவாமிநாராயணர் இளமையில் நீலகண்ட வர்ணி என்ற பெயருடன் நாடெங்கும் தவயாத்திரை செய்த கோலத்தில் அமைந்த திருவுருவிற்கு, அடியார்கள் சிறு கலசத்தில் நீர் ஏந்தி அபிஷேகம் செய்கின்றனர். என் பேத்திக்கு அப்போது பத்து வயது. வரிசையைப் பார்த்ததும் என் கையைப் பற்றி இழுத்தாள்.

"நாமும் ஊற்றலாமா தாத்தா? நம் கோயிலில் ஊற்றுகிறோமே."

"ஊற்றட்டுமே அப்பா. எல்லாம் ஒரே கடவுள்தானே" என்றான் மகன்.

"வேண்டாம். இதெல்லாம் தேவ மூடம். வெளியே போகலாம் வாருங்கள்" என்றாள் என் மனைவி.

நான் குழந்தையை ஓரமாக அழைத்துச் சென்றேன். "அவர்கள் தங்கள் சுவாமிக்கு மனம் ஒன்றிச் செய்கிறார்கள் அம்மா. நாம் ஆசைக்கு ஊற்றிப் பார்த்தால் அவர்கள் வழிபாட்டை நாம் விளையாட்டுப் பொருளாக்கி விடுவோம். நின்று பார்ப்போம்" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "அப்படியென்றால் கும்பிடவும் கூடாதா தாத்தா?"

அதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

இரண்டு எளிய விடைகள்

அன்று என் குடும்பத்தார் இருவர் சொன்ன விடைகளே நம் சமூகத்தில் பொதுவாக வழங்கிவருபவை. இரண்டும் எளியவை, இரண்டும் போதா என்பது என் கருத்து.

முதலாவது, 'எல்லாம் ஒன்றே' என்பது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது உண்மையா? சுவாமிநாராயண மரபினர் தம் சுவாமியை அனைத்திற்கும் மேலான பரம்பொருளாகக் கொள்கின்றனர். நாமோ உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்று கொள்வதில்லை. வினை நீக்கி உயர்ந்த ஆன்மாவையே வழிபடுகிறோம். இவ்விரண்டும் ஒன்று என்று சொன்னால் அவர்கள் கொள்கையையும் அறியவில்லை, நம் கொள்கையையும் அறியவில்லை என்றே பொருள். அநேகாந்தம் என்பது எல்லாம் ஒன்று என்னும் முடிபன்று. ஒவ்வொரு கூற்றும் எந்த நோக்கில் பொருந்துகிறது என்று முயன்று ஆராய்வது அது. அம்முயற்சியைச் செய்யாமலே சமரசம் பேசுவது சோம்பலின் மற்றொரு பெயர்.

அநேகாந்தத்தை விளக்க யானையைத் தடவிய குருடர் கதையை நாம் வழக்கமாகச் சொல்வோம். அந்த 148 யானைகளின் முன் நின்றபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. அக்கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், யானையை முழுதாகக் கண்டவனின் இடத்தில் நாம் நம்மை வைத்துக்கொள்கிறோம். குருடர்களின் இடத்தில் பிற சமயத்தாரை நிறுத்துகிறோம். கதையைச் சொல்பவனும் ஏதேனும் ஒரு காலைத் தடவிக்கொண்டிருக்கலாம் என்னும் ஐயம் நமக்கு எழுவதில்லை. பணிவைக் கற்பிக்க வந்த கதையைக்கொண்டே செருக்கை வளர்த்துவிட்டோம்.

இரண்டாவது விடை, 'தேவ மூடம். ஆகவே அடியெடுத்து வைக்காதே' என்பது. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் ஆசாரியர்களின் வாக்கு இதற்கு அரணாக நிற்கிறது. சமந்தபத்திரரின் இரத்தின கரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச் செப்பும் இல்லறத்தார் நீக்க வேண்டிய மூடங்களைக் கூறுகின்றன. ஆனால் தேவ மூடம் என்று அங்கே எதனைச் சொன்னார்கள்? விருப்பு வெறுப்புடைய தேவர்களை, வரம் பெறும் ஆசையால் வழிபடுவதையே சொன்னார்கள். பிறர் ஆலயத்தின் கல்லையும் கலையையும் அன்பையும் பார்ப்பதை அன்று. அந்த இலக்கணத்தை நேர்மையாகப் பொருத்தினால் அம்பு நம் பக்கமே திரும்பும். தேர்வில் வெற்றி, திருமணம், வெளிநாட்டு வேலை என்று வேண்டுதல்களின் பட்டியலுடன் நம் ஜினாலயத்திலேயே யட்சியின் முன் நிற்கும்போது தேவ மூடம் எங்கே இருக்கிறது? அக்ஷர்தாமிலா, நம் மனத்திலா?

நற்காட்சியின் உறுப்புகள்

சம்யக் தரிசனத்தை நம் தமிழ் முன்னோர் 'நற்காட்சி' என்று அழகாக மொழிபெயர்த்தனர். மும்மணிகளுள் முதலாவது அது. நம்பிக்கை என்று மட்டும் சொல்லாமல் காட்சி என்றனர். வெறும் காட்சி என்னாது நற்காட்சி என்றனர். சுற்றுலாப் பயணியும் காட்சிக்காகத்தான் வருகிறார். அவர் காணும் காட்சிக்கும் நற்காட்சிக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? நற்காட்சிக்குக் கூறப்பட்ட எட்டு உறுப்புகளுள் சிலவற்றைக் கொண்டே அதனை அளந்துவிடலாம்.

அவாவின்மை ஓர் உறுப்பு. சுற்றுலாப் பயணியின் பார்வை பெரும்பாலும் அவாவின் பார்வை. பார்த்ததைப் படமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெற வேண்டியதைக் குறைந்த நேரத்தில் பெற்றுவிட வேண்டும். ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். கைப்பேசியை வாயிலிலேயே வாங்கிக்கொண்டதால் அன்று அப்பிணி பாதி தீர்ந்தது. படம் எடுக்க முடியாதபோதுதான் ஒரு தூணின் முன் முழுதாக நின்றேன். அபிஷேக வரிசையில் என் பேத்தியை இழுத்ததும் இந்த அவாவே. அது பக்தியன்று, தானும் செய்து பார்க்கும் ஆவல். குழந்தைக்கு அது குற்றமன்று. பெரியவர்களாகிய நாம் அதனைப் பக்தி என்று பெயரிட்டால் குற்றமாகும்.

உவர்ப்பின்மை மற்றோர் உறுப்பு. நோயுற்ற முனிவரின் உடல் கண்டும் அருவருப்புக் கொள்ளாமல் குணத்தைப் பார்ப்பது என்று அதற்கு நாம் பொருள் கூறுகிறோம். காலையில் இளைஞர் திகம்பர உருவைக் கண்டு சிரித்ததும், பிற்பகலில் நான் இயந்திரப் பொம்மைகளைக் கண்டு முகம் சுளித்ததும் இதன் குறைவே. முகம் சுளித்த பின் அவ்வரங்கினுள் சென்று அமர்ந்தேன். அங்கே கற்பிக்கப்பட்டவை அகிம்சையும் புலால் மறுத்தலும் குடும்ப ஒற்றுமையுமாகும். இரு பக்கத்திலும் அமர்ந்திருந்த பல்வேறு மாநிலத்துக் குழந்தைகள் புலால் மறுத்தலைப் பற்றிக் கண்கொட்டாமல் கேட்டனர். நம் பிரசங்கங்களில் அத்தனை குழந்தைகளை நான் கண்டதில்லை.

மயக்கமின்மை மூன்றாவது. பெரியது, பொன்வண்ணமானது, கூட்டம் மிகுந்தது என்பதால் ஒன்றை மெய்யென மயங்காதிருத்தல். இது பிறர் ஆலயத்திற்கு மட்டும் உரியதன்று. பளிங்கில் இழைத்த புதிய ஜினாலயங்களைப் பார்த்துவிட்டு, நம் சிற்றூர்க் கோயிலின் சுதையுதிர்ந்த கோபுரத்தை எண்ணி நாணும்போதும் இம்மயக்கம்தான் நம்மைப் பற்றுகிறது.

இம்மூன்றும் அமைந்தால் பார்வை மட்டுமே எஞ்சும். அறிபவனும் காண்பவனுமாக இருப்பதே ஆன்மாவின் இயல்பு என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. சுற்றுலாப் பயணியின் நிலையில் இதற்குச் சிறிய வாய்ப்பு ஒன்று மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு அங்கே வேண்டுதல் இல்லை, பகையும் இல்லை. விருப்பையும் வெறுப்பையும் தாமாகக் கொண்டுவந்தாலன்றி அவ்விரண்டிற்கும் அங்கே காரணமே இல்லை.

கும்பிடலாமா?

இனி பேத்தியின் வினாவிற்கு வருவோம். கூர்ச்சர நாட்டுச் சுவேதாம்பர ஆசாரியராகிய ஹேமசந்திரர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மன்னர் குமாரபாலருடன் சோமநாதர் ஆலயத்திற்குச் சென்றார் என்று மேருதுங்கரின் பிரபந்த சிந்தாமணி கூறுகிறது. அவர் எப்பெயரையும் வணங்காமல், விருப்பு வெறுப்பு ஒழிந்த தன்மையை வணங்கினார் என்பது அக்கதையின் கருத்து. அவர் உண்மையல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அங்கிருந்தோர் மனத்தைப் புண்படுத்தவும் இல்லை. பஞ்ச நமஸ்காரத்திலும் நாம் தனிப்பெயர் எதனையும் சொல்வதில்லை. நிலைகளையும் குணங்களையுமே வணங்குகிறோம்.

ஆகவே என் விடை இது. பரம்பொருளென நம்பாத ஒன்றின் முன், நம்புவது போல நடித்துக் கைகூப்புதல் வேண்டாம். அது நம் நற்காட்சிக்கும் தீங்கு. அவர்கள் பக்திக்கும் இழிவு. பொய்க் கும்பிடு மரியாதையாகாது. ஆனால் அங்கே ஒரு குணத்தை உண்மையாகக் கண்டால், அக்குணத்திற்குத் தலை தாழ்த்தத் தயங்கவும் வேண்டாம். பழி வாங்காத பொறுமையைக் கண்டோம். ஊதியமின்றிக் காலணி காக்கும் தொண்டர்களைக் கண்டோம். இவற்றிற்குத் தலை வணங்கினால் ஜினதருமம் குறைவுபடாது. விருந்தினராகச் சென்ற வீட்டில் அவ்வீட்டாரின் குலதெய்வத்தை நம் தெய்வமென்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கின் முன் காலை நீட்டி அமரவும் கூடாது.

மாலையில் அங்கே நீரும் ஒளியும் இசையும் கலந்த காட்சி ஒன்று நடந்தது. கேன உபநிடதக் கதை. வெற்றியால் செருக்குற்ற தேவர்கள் முன் ஒரு துரும்பு வைக்கப்படுகிறது. அக்கினியால் அதனை எரிக்க முடியவில்லை; வாயுவால் அசைக்க முடியவில்லை. அதனைப் பார்த்திருந்தபோது சமவசரணத்தின் மானஸ்தம்பம் என் நினைவில் எழுந்தது. பகவான் மகாவீரரை வாதில் வெல்ல வந்த இந்திரபூதி, மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கி முதற் கணதரர் ஆனார். சமவசரணமும் கண்ணைக் கவரும் காட்சிதானே! இரத்தினமும் பொன்னும் இசையும் அங்கும் உண்டு. காண வந்தவனின் மானம் அழிந்ததா என்பதே வினா. இத்துரும்பும் அத்தம்பமும் வேறு வேறு கொள்கைகளுக்கு உரியவை. எனினும் அன்று என் செருக்கிற்கு எதிரே நின்றது இத்துரும்பு.

வெளியே வரும்போது இருளில் வழி தவறினோம். தொண்டர் ஒருவர், கல்லூரி மாணவர் போலும், எங்களைப் பொருள் காப்பிடம் வரை அழைத்துவந்து விட்டார். பிரியும் போது கைகூப்பி, "ஜெய் சுவாமிநாராயண்" என்றார். நான் என்ன சொல்வதென்று விழித்தேன். என் பேத்தி விழிக்கவில்லை. அவரைப் போலவே கைகூப்பி, நம் வீட்டுப் பழக்கப்படி, "ஜெய் ஜினேந்திரா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து நான் தேடிய விடையை அவள் சொல்லிவிட்டாள்.